மிளகளவு காயம் ஆற 49 நாள்: மன அழுத்தம் நோய் எதிர்ப்பு சக்தியை என்ன செய்கிறது?

ஒரு மிளகை விடச் சிறிய காயம் அது. குறுக்களவு மூன்றரை மில்லிமீட்டர்தான். அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 26 பெண்களின் சம்மதத்தோடு அவர்கள் கையில் ஆளுக்கு ஒன்றாக இந்தக் காயத்தை உண்டாக்கினார்கள். பிறகு அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிக்கொண்டு வந்தார்கள். காயத்தின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்தால் நுரைக்கும். எந்த நாளில் நுரை வராமல் போகிறதோ, அதுதான் காயம் முழுதாக ஆறிய நாள் என்பது கணக்கு.

இந்தப் பெண்களின் சராசரி வயது 60-ஐ ஒட்டி இருந்தது. குடும்ப வருமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 13 பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயால் பாதிக்கப்பட்ட உறவினரைப் பராமரித்து வந்தவர்கள். மற்ற 13 பேருக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் காயம் ஆறியது. பராமரித்தவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள் பிடித்தது. ஒன்பது நாளுக்கும் மேல் தாமதம். 1995-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான இந்த ஆய்வை நடத்தியவர்கள், உளவியல் நிபுணர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய கணவரும் வைரஸ் ஆய்வாளருமான ரொனால்ட் கிளேசரும் அவர்களது குழுவினரும்.

“ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க, உடம்புக்கு ஆகாது” என்று டாக்டர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். அது வெறும் ஆறுதல் பேச்சா, இல்லை உடம்புக்குள் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா? நடக்கிறது. ஆனால், பலரும் நினைப்பது மாதிரி அல்ல.

முதல் சில நிமிடங்கள்: குறையவில்லை, கூடுகிறது

இரவு வேலை முடித்து பைக்கில் திரும்பும்போது தெருநாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் உடனே இரண்டு வழிகளில் ஆணை அனுப்புகிறது. முதல் வழி நரம்பு. நொடிகளுக்குள் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இரண்டாவது வழி ரத்தம். ஹைப்போதலாமஸ் சொல்ல, பிட்யூட்டரி சுரப்பி கேட்க, சில நிமிடங்களில் அதே அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் வருகிறது.

அந்த நேரத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் படுத்துவிடுவதில்லை. நேர்மாறாக, எழுந்து நிற்கிறது. மண்ணீரல் போன்ற இடங்களில் ஓய்வாக இருக்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்துக்கு வருகின்றன. பிறகு தோல் போன்ற, காயம் படக்கூடிய இடங்களுக்கு நகர்கின்றன. நாய் கடித்தால் முதலில் கிழிவது தோல்தானே? கலவரம் வரும் என்று தெரிந்தால் போலீஸ் முகாமிலிருந்து கிளம்பி முச்சந்திகளில் நிற்பது மாதிரிதான் இது.

அதனால் ‘டென்ஷன் வந்தாலே எதிர்ப்பு சக்தி போச்சு’ என்பது தவறு. மேடை ஏறும் முன் வரும் பதற்றமும், பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பரபரப்பும் ஆரோக்கியமான உடம்பைக் கெடுத்துவிடாது. வந்த வேகத்தில் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

கார்டிசால் வில்லனா?

கார்டிசாலுக்குக் கெட்ட பெயர் உண்டு. ஆனால், அதன் முக்கிய வேலைகளில் ஒன்று பிரேக் போடுவது. எதிர்ப்பு மண்டலம் எகிறிக்கொண்டே போனால் சொந்த உடம்பையே சேதப்படுத்திவிடும். அது நடக்காமல் அழற்சியை அடக்கி, ‘போதும், திரும்பி வாங்க’ என்று சொல்வது கார்டிசால்தான்.

இந்தப் பிரேக் எவ்வளவு பலமானது என்பதை மருத்துவ உலகம் நன்றாக அறியும். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் அவதிப்பட்ட ஒரு நோயாளிக்கு கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனைக் கொடுத்தார். சில நாள்களில் அவரால் நடக்க முடிந்தது. இந்த ஹார்மோன்கள் பற்றிய ஆய்வுக்காக ஹென்ச் உட்பட மூவருக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் ‘ஸ்டீராய்டு’ என்று சொல்லும் ஆஸ்துமா மருந்தும், அரிப்புக்குத் தடவும் களிம்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். 2020-ல் தீவிர கோவிட் நோயாளிகளின் உயிரைக் காத்த டெக்ஸாமெத்தசோனும் அப்படியே.

ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுக்கிறவர்களிடம் ‘தொற்று வராமல் பார்த்துக்கோங்க’ என்று டாக்டர்கள் எச்சரிப்பதற்கும் காரணம் இதுதான். பிரேக் மேல் கால் வைத்தபடியே வண்டி ஓட்டினால் என்ன ஆகும்?

வாரங்கள், மாதங்கள், வருடங்கள்

சிக்கல் தொடங்குவது நாய் துரத்துவதை நிறுத்தாதபோது. கடன், வேலை இழப்பு, ஓயாத குடும்பச் சண்டை, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. இவை எதுவும் பத்து நிமிடத்தில் முடிவதில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

இதைச் சோதிக்க அமெரிக்க உளவியல் அறிஞர் ஷெல்டன் கோஹன் கையாண்ட வழி கொஞ்சம் விநோதமானது. இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் இருந்த சளி ஆய்வு மையத்தில், ஆரோக்கியமாக இருந்த 394 தன்னார்வலர்களின் மூக்கில் சளி உண்டாக்கும் வைரஸைச் சொட்டு மருந்தாக விட்டார்கள். அதற்கு முன்பே ஒவ்வொருவரும் எவ்வளவு மன அழுத்தத்தில் இருக்கிறார் என்று கேள்விகள் மூலம் அளந்து வைத்திருந்தார்கள். வைரஸ் எல்லோருக்கும் போனது. ஆனால், சளி எல்லோருக்கும் பிடிக்கவில்லை. அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் அது 47 சதவீதம். வயது, புகைப்பழக்கம், உடற்பயிற்சி, தூக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த ஏற்றம் மறையவில்லை. 1991-ல் வெளியான இந்த ஆய்வு இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படுகிறது.

எந்த மாதிரி அழுத்தம்? கோஹன் குழு 1998-ல் அதற்கும் பதில் சொன்னது. இம்முறை 276 பேர். ஒரு மாதத்துக்குக் குறைவான பிரச்சினைகளால் சளி பிடிக்கும் வாய்ப்பு கூடவில்லை. ஒரு மாதமும் அதற்கு மேலும் நீடித்த பிரச்சினைகளால் கூடியது. அதிலும் இரண்டு விஷயங்கள் தனித்துத் தெரிந்தன. ஒன்று, வேலை இல்லாமல் இருப்பது அல்லது போதுமான வேலை இல்லாமல் இருப்பது. மற்றொன்று, குடும்பத்தினரோடும் நண்பர்களோடும் தீராமல் தொடரும் மனக்கசப்பு.

பிரேக் தேய்கிறது

நீண்ட அழுத்தத்தில் கார்டிசால் அதிகமாகிறது, அதனால் எதிர்ப்பு சக்தி குறைகிறது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், கணக்கு அவ்வளவு நேரானது அல்ல. எதிர்ப்பு சக்தி வெறுமனே குறைந்தால் அழற்சியும் குறைய வேண்டும். ஆனால், மாதக்கணக்கில் அழுத்தத்தில் இருப்பவர்களின் உடம்பில் மெல்லிய அழற்சி எரிந்துகொண்டே இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடக்கும்?

2012-ல் கோஹன் குழு இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. கார்டிசால் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருந்தால், எதிர்ப்பு செல்கள் அதன் சொல்லைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. தினமும் திட்டும் வாத்தியாரின் குரல் பையன்கள் காதில் விழாமல் போவது மாதிரி. பிரேக் இருக்கிறது, மிதிக்கவும் செய்கிறோம், ஆனால் பிடிக்கவில்லை. அழற்சியை உண்டாக்கும் சைட்டோகைன் என்ற ரசாயனங்கள் அளவுக்கு மேல் சுரக்கின்றன. சளியில் மூக்கு ஒழுகுவதும் தொண்டை கரகரப்பதும் பெரும்பாலும் வைரஸ் நேரடியாகச் செய்யும் வேலை அல்ல. உடம்பின் அழற்சிதான் அது. பிரேக் தேய்ந்தவர்களுக்குச் சளி அதிகம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு பக்கம், வைரஸை வேட்டையாடும் செல்கள் பலவீனமாகின்றன. தேர்வு நேரத்தில் மருத்துவ மாணவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்த கிளேசர் தம்பதி, ‘இயற்கைக் கொல்லி செல்கள்’ எனப்படும் காவல் அணுக்களின் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். உடம்பில் ஏற்கெனவே பதுங்கியிருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அந்த நேரத்தில் கூடியிருந்தது. அடைத்து வைத்த வைரஸ் தலைதூக்கியதன் அடையாளம் அது.

காயத்திலும் இதே கதைதான். 1998-ல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேருக்கு வாயின் மேலண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒரு சிறு காயமும், தேர்வுக்கு முன் ஒன்றும் ஏற்படுத்திப் பார்த்தார்கள். அதே ஆள், அதே வாய். தேர்வு நேரத்துக் காயம் ஆறச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாக ஆனது. 2005-ல் 42 தம்பதிகளிடம் செய்த ஆய்வில், ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கிப் பேசிக்கொண்ட ஜோடிகளின் கொப்புளக் காயங்கள், மற்ற ஜோடிகளின் வேகத்தில் 60 சதவீதத்தில்தான் ஆறின.

2004-ல் சூசன் செகர்ஸ்ட்ராம், கிரிகரி மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள், 30 ஆண்டுகளில் வெளியான 300-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நிமிடக்கணக்கில் இருக்கும் அழுத்தம் எதிர்ப்பு மண்டலத்தின் முதல் வரிசையை உசுப்பிவிடுகிறது. தேர்வு போன்று நாள்கணக்கில் இருப்பது, செல்கள் நேரடியாகப் போரிடும் பிரிவை அடக்குகிறது. முடிவு தெரியாமல் நீள்வது, ஏறக்குறைய எல்லாப் பிரிவையும் தளர்த்துகிறது. தீவிரத்தைப் போலவே, சொல்லப்போனால் அதைவிட, காலம்தான் முக்கியம்.

எலிகள் சொன்ன ரகசியம்

இதெல்லாம் மருத்துவ உலகம் சுலபமாக ஏற்றுக்கொண்ட விஷயம் அல்ல. 1936-ல் கனடாவின் மான்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே, பலவகைத் துன்பங்களுக்கு ஆளான எலிகளை அறுத்துப் பார்த்தார். துன்பம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: அட்ரீனல் சுரப்பி வீங்கியிருந்தது, டி-செல்கள் முதிரும் இடமான தைமஸ் சுருங்கியிருந்தது. தைமஸின் வேலை என்னவென்று அன்று யாருக்கும் தெரியாது.

அதன் பிறகும் வெகுகாலம், எதிர்ப்பு மண்டலம் மூளையின் தலையீடு இல்லாமல் தன்னிச்சையாக இயங்குகிறது என்றே நம்பினார்கள். 1975-ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஏடரும் நிக்கோலஸ் கோஹனும் அதை அசைத்தார்கள். எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரையும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு மருந்தை நிறுத்திவிட்டு இனிப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தார்கள். அப்போதும் அவற்றின் எதிர்ப்பு சக்தி குறைந்தது. நாக்கில் பட்ட சுவையை மூளை நினைவு வைத்துக்கொண்டு எதிர்ப்பு மண்டலத்துக்குச் சேதி அனுப்பியிருக்கிறது. மண்ணீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் நரம்பு இழைகள் நேரடியாகப் போவது பின்னர் உறுதியானது.

எல்லாவற்றுக்கும் டென்ஷன் காரணமா?

இந்த இடத்தில்தான் கவனம் தேவை. உண்மையான ஓர் அறிவியலை இழுத்து இழுத்துப் பொய்யாக்கிவிட முடியும். அல்சர் அதற்கு நல்ல உதாரணம். வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரசாரமான சாப்பாடும்தான் காரணம் என்று பல தலைமுறையாகச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்று நிரூபித்தார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் தீரும் நோய்க்கு, ‘கவலைப்படாதீங்க’ என்று சொல்லி எத்தனை பேரை அனுப்பியிருப்பார்கள்!

புற்றுநோயிலும் அதே ஆபத்து. மன அழுத்தம் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ‘மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிட்டதாலதான் இது வந்துச்சு’ என்று நோயாளியிடம் சொல்வது, நோயோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துக் கொடுப்பது.

மேலே சொன்ன காய ஆய்வுகளும் சிறியவை. 13 பேர், 11 பேர் என்ற எண்ணிக்கையை மறந்துவிடக் கூடாது. பராமரிப்பாளர்களின் ரத்தத்தில் தெரியும் மாற்றங்கள் பற்றிய ஆய்வுகளை 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ராத் குழு தொகுத்துப் பார்த்தபோது, சராசரி வித்தியாசம் சிறியதாகவே இருந்தது. அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லையா?

சராசரி ஓர் உண்மையை மறைக்கிறது. எல்லாப் பராமரிப்பாளரும் ஒரே நிலையில் இல்லை. 1999-ல் ரிச்சர்ட் ஷூல்ஸும் ஸ்காட் பீச்சும் அமெரிக்காவில், வாழ்க்கைத் துணையைப் பராமரிக்கும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பராமரித்தும் அதைப் பெரிய பாரமாக உணராதவர்களுக்கு எந்தக் கூடுதல் ஆபத்தும் தெரியவில்லை. பாரத்தில் திணறியவர்களுக்கோ, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களை விட இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. அன்போடு பார்த்துக்கொள்வது யாருக்கும் நோய் தருவதில்லை. தாங்க முடியாத சுமையாக அது மாறும்போதுதான் ஆபத்து.

அப்படின்னா என்ன செய்யலாம்?

‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்ற பெயரில் விற்கும் பொடியும் மாத்திரையும் இதற்குத் தீர்வு அல்ல. தேய்ந்துபோன பிரேக்கைச் சரிசெய்யும் பொடி எதுவும் கிடையாது. எதிர்ப்பு மண்டலம் ‘பூஸ்ட்’ ஆகிக்கொண்டே போவதும் நல்லதல்ல என்பதை ஆஸ்துமாக்காரர்களும் முடக்குவாத நோயாளிகளும் அறிவார்கள்.

உதவுவது எது என்பதில் பெரிய மர்மம் இல்லை. முதலாவது தூக்கம். 153 பேரிடம் கோஹன் குழு 2009-ல் வெளியிட்ட சளி ஆய்வில், ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் தூங்கியவர்களை விட ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டாவது நடை, உடற்பயிற்சி. மூன்றாவது, மனம் விட்டுப் பேச ஆள். கூடவே, அழுத்தத்தில் இருப்பவர்களுக்குத் தடுப்பூசியின் பலன் கொஞ்சம் குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகத் தடுப்பூசியைத் தவிர்க்கக் கூடாது. அவர்களுக்குத்தான் அது இன்னும் அவசியம்.

ஆனால், இந்தப் பட்டியலை யாரிடம் நீட்டுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை இரவில் மூன்று முறை புரட்டிப் படுக்க வைக்கும் மருமகளிடம், ‘எட்டு மணி நேரம் தூங்குங்க, தியானம் பண்ணுங்க, டென்ஷன் ஆகாதீங்க’ என்று சொல்வதில் என்ன பயன்? அவருக்குத் தேவை அறிவுரை அல்ல, ஆள். வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தால், அதுவே அவருக்கான மருந்து. அந்த வேறொருவர் வீட்டிலேயே இருக்கலாம். மகனாக, கணவராக, வெளியூரிலிருந்து போனில் மட்டும் விசாரிக்கும் சகோதரராக.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடி வருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் தருவது அந்தத் திட்டத்தின் பகுதி. வந்தவர்கள் கட்டிலில் படுத்திருப்பவரைப் பரிசோதித்துவிட்டுக் கிளம்பும் முன், பக்கத்தில் நிற்பவரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: “நீங்க நல்லா தூங்குறீங்களாம்மா?” அந்தப் பதிலையும் குறித்துக்கொள்ள ஒரு கட்டம் இருக்க வேண்டும். அவருக்கும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். முதியோருக்கான பகல் நேரப் பராமரிப்பு மையங்கள் நகரத்து வசதியாக மட்டும் இல்லாமல் ஒன்றியம் தோறும் வர வேண்டும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

பேச யாரும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், அடிக்கடி சளி, காய்ச்சல் வந்தால், புண் ஆறத் தாமதமானால் ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று முடிவுகட்டாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயும் ரத்தசோகையும் கூட இப்படித்தான் காட்டும்.

ஓஹியோவின் அந்த 13 பெண்கள் நோயாளிகள் அல்ல. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள். தங்கள் சோர்வை அவர்கள் வெளியே சொல்லியிருப்பார்களோ இல்லையோ, கையில் இருந்த காயம் சொன்னது. நம் வீடுகளிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவருடைய காயம் ஆறுகிறதா என்று கேட்பதற்கு ஆய்வகம் தேவையில்லை.